அயல்நாட்டு ஆட்டக்காரரும் உள்நாட்டு இளைஞரும்: ஆங்கில உதைபந்தாட்டம் பற்றிய ஒரு மதிப்பீடு

பொருள் தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் மனித குலத்துக்குப் புதிய வழக்கமன்று. பொருள்வயிற் பிரிவு என அதற்கு ஒரு பெயரிட்டு இலக்கணமும் வகுத்தனர் நம் முன்னோர். கூலியாளும் வணிகனும் கற்றோனும் கலைஞனும் தத்தம் திறனுக்கு உயர்ந்த விலை கிடைக்கும் இடத்தை நாடிச் செல்கின்றனர். அவ்வாறு செல்வோரால் அவர் புகுந்த நாட்டுத் தொழிலாளர்க்கு நன்மை விளைகின்றதா, தீமை விளைகின்றதா என்பது பொருளியலாளர் நெடுங்காலமாக வாதிட்டு வரும் வினா. அவ்வினாவை உதைபந்தாட்டக் களத்தில் நிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டை ஆராய்ச்சிப் பொருளாக்கலாமோ என ஐயுறுவார் இருக்கலாம். பிற தொழில்களில் ஒருவன் வேலை செய்யும் திறத்தை அவனுடைய மேலாளரே அறிவர். உதைபந்தாட்டக்காரனின் வேலையையோ பல்லாயிரவர் வாரந்தோறும் கண்டு மதிப்பிடுகின்றனர். யார் ஆடினர், எத்தனை நிமிடம் ஆடினர், எந்நாட்டிற் பிறந்தனர், எங்கே பயின்றனர் என்பன யாவும் பதிவில் உள்ளன. தொழிற் பெயர்ச்சியின் விளைவை இத்துணைத் தெளிவாகக் காட்டும் தொழில் பிறிதொன்றைக் காண்டல் அரிது. நம் மாணவர் பலர் இரவிரவாக விழித்திருந்து பார்க்கும் ஆங்கில உதைபந்தாட்டத்தையே சான்றாகக் கொள்வோம்.

அயல்நாட்டவர் வரவைக் கண்டிப்போரின் வாதம் எளியது. ஒரு குழுவில் ஆடுவோர் பதினொருவர். அப்பதினோர் இடங்களுள் ஒன்றை அயல்நாட்டவன் பெற்றால் உள்நாட்டவன் ஒருவன் அதனை இழக்கின்றான். இடம் இழந்தவன் ஆடுவதில்லை; ஆடாதவன் வளர்வதில்லை; வளர்வோர் குறைந்தால் நாட்டுக் குழு நலிவடையும். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. பிற தொழில்களில், புதிதாக வந்தவர் ஒரு வேலையைப் பெற்றபோதிலும் அவர் உண்ணவும் உடுக்கவும் உறையவும் செலவிடும் பணத்தால் வேறு வேலைகள் உண்டாகின்றன என்றும், வேலையின் தொகை மாறாத ஒன்றென எண்ணுவது பிழை என்றும் பொருளியலாளர் கூறுவர். உதைபந்தாட்டத்தில் இம்மறுப்பு முழுமையாகச் செல்லாது. இருபது கழகங்கள் ஆடும் முதற் பிரிவில் ஒரு வாரத்துக்கு 220 இடங்களே உள. எத்துணைச் செல்வம் வந்து குவிந்தாலும் பன்னிரண்டாமவனைக் களத்தில் இறக்க விதி இடங்கொடாது. எனவே இடத்தின் தொகையைப் பொறுத்தவரை கண்டனக்காரர் கூற்று மெய்யே. அவ்விடத்தொகையிலிருந்து ஆட்டக்காரனின் வளர்ச்சிக்கும் நாட்டின் வெற்றிக்கும் அவர் தாவும் தாவல் சரியானதா என்பதே நாம் சோதிக்க வேண்டியது.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். ஆங்கில உதைபந்தாட்டம் தொழிலாக ஏற்கப்பட்ட ஆண்டு 1885. அன்றே பெயர்ந்து வருவோர் பற்றிய அச்சமும் பிறந்துவிட்டது. கழகத்தின் ஆடுகளத்திலிருந்து ஆறு மைல் எல்லைக்குள் பிறந்தவர் அல்லது ஈராண்டு வாழ்ந்தவர் ஆகிய தொழின்முறை ஆட்டக்காரரே கிண்ணப் போட்டியில் ஆடலாம் என்று சங்கம் அப்போது விதித்தது. அன்று அஞ்சப்பட்ட அயலார் ஸ்கொத்லாந்தினர். லங்காஷயர்ப் பருத்தியாலை நகரங்களின் கழகங்கள் அவர்களைப் பணங்கொடுத்து அழைத்தன. 1888–89 பருவத்தில் ஒரு தோல்வியுமின்றி முதலாவது லீக் வெற்றியைப் பெற்ற பிரஸ்ரன் கழகத்தின் வலிமை பெரிதும் ஸ்கொத்லாந்து ஆட்டக்காரரால் வந்தது. 1892 இல் லிவர்பூல் கழகம் களமிறக்கிய முதற் குழுவினரும் பெரும்பாலும் அந்நாட்டினரே. பந்தைத் தனியே உருட்டி ஓடும் பழக்கமுடைய ஆங்கிலேயர்க்கு ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடும் முறையைக் கற்பித்தவர் இவ்வாறு பெயர்ந்து வந்த ஸ்கொத்லாந்தினர் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. ஆகவே ஆங்கில உதைபந்தாட்டத்தின் தொட்டிற் பருவத்திலேயே அயலாரின் கை இருந்தது.

கடல்கடந்து வருவோர்க்குக் கதவு அடைக்கப்பட்டது பின்னர். 1930 இல் ஆர்சனல் கழகம் ஒஸ்திரிய நாட்டுக் கோல்காப்பாளர் ரூடி ஹைடனைச் சேர்க்க முயன்றபோது தொழில் அமைச்சு அவருக்கு அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டு சங்கம், ஈராண்டு வதியாத அயல்நாட்டவர் ஆடலாகாது என விதி செய்தது. அவ்விதி 1978 வரை நிலைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், ஸ்கொத்லாந்தினரும் வேல்சினரும் அயர்லாந்தினரும் நீங்கலாக, ஆங்கிலக் கழகங்களில் அயலார் இல்லை என்றே கூறலாம்.

அயலாரின் வரவே உள்நாட்டவரின் நலிவுக்குக் காரணமாயின், அடைத்த கதவின் பின்னே அவர் செழித்திருத்தல் வேண்டும். நிகழ்ந்தது யாது? 1953 நவம்பர் 25 ஆம் நாள் வெம்பிளித் திடலில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என வென்றது. ஐரோப்பியக் கண்டத்து நாடொன்றிடம் இங்கிலாந்து தன் மண்ணிற் கண்ட முதற் தோல்வி அஃது. நடுமுன்னணி ஆட்டக்காரர் பின்வாங்கி நின்று ஆட, அவரை யார் காவல் செய்வது என்றறியாது ஆங்கிலேயர் திகைத்தனர். வாரந்தோறும் தம்மைப் போன்றவரோடே ஆடிப் பழகியவர்க்கு அப்புதுமை விளங்கவில்லை. 1966 இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றது உண்மையே. தன் மண்ணில், தன் மக்கள் முன்னிலையில் பெற்ற வெற்றி அது. அதன் பின்னர் 1974, 1978 ஆகிய ஈராண்டுகளிலும் உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெறவும் அந்நாட்டால் இயலவில்லை. 1973 ஒக்ரோபரில் போலந்தோடு வெம்பிளியில் 1–1 எனச் சமநிலையுற்ற நாளில், எந்த அயலான் மீது பழி சுமத்தக்கூடும்? கதவு அடைத்திருந்த காலத்திலேயே வீடு இருண்டிருந்தது.

1978 இல் தடை நீங்கியதும் ஆர்ஜென்ரீனாவின் உலகக் கிண்ண வீரர் ஆடிலசும் வில்லாவும் ரொட்டன்ஹாம் கழகத்துக்கு வந்தனர். எனினும் வரவு நெடுங்காலம் சிறு தூறலாகவே இருந்தது. 1992 இல் பிரீமியர் லீக் தொடங்கிய முதல் வாரத்தில், பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் வெளியிலிருந்து வந்து ஆட்டத்தைத் தொடங்கியவர் பதின்மூவரே என்பர். ஐரோப்பியப் போட்டிகளிலோ மூன்று அயல்நாட்டவரும், நெடுங்காலம் அந்நாட்டில் ஆடிப் பழகிய இருவரும் மட்டுமே ஆடலாம் என்ற வரையறை இருந்தது. அவ்வரையறையின்படி ஸ்கொத்லாந்தினரும் வேல்சினரும் இங்கிலாந்துக்கு அயலார் ஆயினர். 1994 நவம்பரில் மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகம் தன் தலைசிறந்த டென்மார்க்குக் கோல்காப்பாளரை வெளியே இருத்திப் பார்சலோனாவில் ஆடி 4–0 எனத் தோற்றது.

இவ்வரையறையை உடைத்தவர் புகழ்பெற்ற வீரர் அல்லர். பெல்சிய நாட்டின் லியேஜ் கழகத்தில் ஆடிய போஸ்மன் என்பார். 1990 இல் தம் ஒப்பந்தம் முடிந்த பின்னர், பிரான்சின் டங்கேர்க் கழகத்துக்குச் செல்ல விரும்பிய அவரைப் பழைய கழகம் பணம் கேட்டுத் தடுத்து வைத்தது. அவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவரைப் பணம் கேட்டு மறித்தலும், ஐரோப்பிய ஒன்றிய நாட்டினரை எண்ணிக்கை வரையறையால் ஒதுக்குதலும் ரோமாபுரி ஒப்பந்தம் உறுதிசெய்த தொழிலாளர் நடமாட்ட உரிமைக்கு மாறானவை என்பது அதன் முடிபு. ஆட்டக்காரனும் ஒரு தொழிலாளியே என்ற உண்மையை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இதனை மறந்து, அயல்நாட்டவர் வரவை ஒரு படையெடுப்பாகவே சித்திரிப்போர், போஸ்மனுக்கு நேர்ந்தது தம் நாட்டு இளைஞனுக்கும் நேர்ந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை.

அதன்பின் தூறல் பெருமழையாயிற்று. தொலைக்காட்சி உரிமையால் ஆங்கிலக் கழகங்கள் பெற்ற பெரும்பொருள் உலகெங்குமிருந்து திறமையை ஈர்த்தது. 1999 டிசம்பர் 26 ஆம் நாள் செல்சி கழகம் ஆங்கிலேயர் ஒருவரேனும் இல்லாத பதினொருவரைக் களத்தில் இறக்கியது. 2005 பெப்ரவரி 14 ஆம் நாள் ஆர்சனல் கழகத்தின் பதினாறு பேர் கொண்ட குழு முழுவதும் அயல்நாட்டவராயிருந்தது. 2007 நவம்பரில் குரோசியாவிடம் வெம்பிளியில் 3–2 எனத் தோற்ற இங்கிலாந்து 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதிபெறத் தவறியது. அவ்வாண்டிலேயே ஆட்டக்காரரின் தொழிற்சங்கம், அயல்நாட்டவர் பெருக்கத்தால் ஆங்கில உதைபந்தாட்டத்தின் எதிர்காலம் கரைந்துபோகின்றது என எச்சரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறாண்டு கழித்து, 2013 இல், உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவர் கிரெக் டைக் இக்கவலையை எண்களால் உரைத்தார். இருபது ஆண்டுகட்கு முன் முதற் பிரிவில் ஆட்டந் தொடங்கியவருள் நூற்றுக்கு 69 பேர் ஆங்கிலேயராயிருக்க, பத்தாண்டுக்கு முன் அத்தொகை 38 ஆகி, முந்திய பருவத்தில் 32 ஆகிவிட்டது என்றார். 2020 ஐரோப்பியக் கிண்ணத்தில் அரையிறுதி எய்துதல், 2022 உலகக் கிண்ணத்தை வெல்லுதல் என இரண்டு இலக்குகளையும் அவர் வகுத்தார். அவர் அமைத்த ஆணைக்குழு, பெருங்கழகங்களின் இரண்டாங் குழுக்கள் ஆடுவதற்குப் புதிய பிரிவொன்று அமைத்தல் முதலிய யோசனைகளை 2014 இல் முன்வைத்தது. சிறு கழகத்தார் எதிர்ப்பினால் அப்புதிய பிரிவு கருவிலேயே கலைந்தது.

இதற்கு நேர் எதிரான கருத்தை 2009 இல் சைமன் கூப்பர் என்னும் எழுத்தாளரும் ஸ்டெபான் சிமான்ஸ்கி என்னும் பொருளியலாளரும் தம் நூலில் வெளியிட்டிருந்தனர். அயலார் பெருகிய காலத்தில் இங்கிலாந்து நாட்டுக் குழுவின் வெற்றி விகிதம் குறையவில்லை. உலகின் தலைசிறந்தாரோடு வாரந்தோறும் ஆடுவதால் எஞ்சிய ஆங்கிலேயர் கூர்மை பெற்றனர். கடினமான அந்த லீக்கில் ஆங்கிலேயர் மிகுதியாக ஆடிக் களைத்துப்போவதே குறை என்றும் கூறலாம் என அவர் வாதித்தனர். படிப்போர்க்கு வியப்பூட்டுமாறு கூறப்பட்ட கருத்தாயினும், அதன் அடிப்படை எண்களில் உள்ளது.

இவ்விரு கூற்றுக்களுள் எது நின்றது என்பதைக் காலம் சோதித்துவிட்டது. 2014 இல் பிரேசிலில் இங்கிலாந்து முதற் சுற்றிலேயே வெளியேறியது. 2016 இல் ஐஸ்லாந்திடம் தோற்றது. கண்டனக்காரர் கூற்று நிலைநாட்டப்பட்டதெனவே அப்போது தோன்றியது. ஆயின் 2017 இல் இங்கிலாந்தின் இருபது வயதுக்குட்பட்டோர் தென்கொரியாவிலும், பதினேழு வயதுக்குட்பட்டோர் கல்கத்தாவிலும் உலகக் கிண்ணங்களை வென்றனர். 2018 இல் மூத்தோர் குழு உலகக் கிண்ண அரையிறுதியை எட்டியது. 2021 இல் நடந்த 2020 ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியக் கிண்ணத்திலும், 2024 ஐரோப்பியக் கிண்ணத்திலும் இறுதியாட்டம் வரை சென்றது. 2022 உலகக் கிண்ணத்தில் கால் இறுதியிற் பிரான்சிடம் தோற்றது. டைக் வகுத்த இலக்குகளுள் முதலாவது கைகூடியது, இரண்டாவது கைகூடவில்லை. கைகூடியதும் அயலாரைக் குறைத்ததனால் அன்று. அக்காலம் முழுவதும் முதற் பிரிவில் ஆங்கிலேயர் பங்கு ஏறத்தாழ மூன்றிலொன்று என்னும் அளவிலேயே இருந்தது. நோயின் காரணம் எனச் சுட்டப்பட்டது மாறாமலே இருக்க, நோய் தணிந்தது. ஆகவே சுட்டப்பட்ட காரணம் ஒன்றே காரணமாதல் இயலாது.

மாறியது பயிற்சியாகும். 2012 இல் நடைமுறைக்கு வந்த புதிய பயிற்சித் திட்டம் கழகங்களின் இளைஞர் பயிற்சிக் கூடங்களை நால்வகையாகத் தரம் பிரித்து, பயிற்சி நேரத்தைப் பெருக்கி, தேர்ச்சியுடைய முழுநேரப் பயிற்சியாளரை வைத்திருக்கும்படி கட்டாயப்படுத்தியது. அவ்வாண்டிலேயே பேர்ட்டன் நகருக்கருகே தேசியப் பயிற்சி நிலையமும் திறக்கப்பட்டது. பிரான்சு கிளேர்பொன்ரேனில் 1988 இலேயே இத்தகைய நிலையத்தைத் திறந்திருந்தது. ஜேர்மனியோ, 2000 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஒரு வெற்றியுமின்றி வெளியேறிய பின்னர், ஒவ்வொரு பெருங்கழகமும் பயிற்சிக் கூடம் நடத்துதல் வேண்டும் என விதித்தது. அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாலுள்ள ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு இருந்த எல்லையை 2006 இல் நீக்கியது. 2014 இல் உலகக் கிண்ணத்தை வென்றது.

இத்தாலியின் வரலாறு இன்னும் தெளிவானது. 1966 உலகக் கிண்ணத்தில் வடகொரியாவிடம் 1–0 எனத் தோற்ற வெட்கத்தால், புதிய அயல்நாட்டவரைச் சேர்த்தலை அந்நாடு தடைசெய்தது. 1980 வரை அத்தடை நீடித்தது. தடைக் காலத்தில் 1968 ஐரோப்பியக் கிண்ண வெற்றியும், 1970 உலகக் கிண்ண இறுதியாட்டமும் கிட்டின. 1974 இல் முதற் சுற்றுத் தோல்வியும், 1976 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதியின்மையும் நேர்ந்தன. 1982 இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றமை தடையின் பயனே என்பர் தடையை ஆதரிப்போர். அவ்வாறாயின், தடை நீங்கி உலகின் தலைசிறந்தார் யாவரும் இத்தாலியில் வந்து குவிந்த காலத்திற் பயின்றோர் 1990 இல் மூன்றாமிடமும் 1994 இல் இரண்டாமிடமும் பெற்றமைக்கு யாது காரணம்? மிலான் கழகத்தில் குலிட், வான் பஸ்ரன், ரைக்கார்ட் என்னும் ஒல்லாந்தர் மூவரோடு ஆடியவர், அக்கழகத்திலேயே வளர்ந்த பரேசியும் மல்டினியும். அயலாரின் நிழலில் அவர் வாடினர் என எவரும் கூறார். அதே இத்தாலி 2018, 2022 ஆகிய இரு உலகக் கிண்ணங்களுக்கும் தகுதிபெறவில்லை. கதவின் திறப்பையும் அடைப்பையும் கொண்டு மட்டும் இவ்வேற்றத் தாழ்வுகளை விளக்க இயலாது.

இதுவரை கூறியதைக் கேட்போர், அயல்நாட்டவர் வரவால் தீங்கு சிறிதுமில்லை என யாம் கருதுவதாக எண்ணக்கூடும். அஃது எம் கருத்தன்று. கூப்பர், சிமான்ஸ்கி ஆகியோர் கூற்றிலும் ஒரு பெருங்குறை உண்டு. கண்டனக்காரரும் அவரை மறுப்போரும் ஒரே அளவுகோலையே கைக்கொள்கின்றனர். நாட்டுக் குழு வென்றால் உள்நாட்டு ஆட்டக்காரர் நலமுற்றனர் என்றும், தோற்றால் நலிவுற்றனர் என்றும் இருசாராரும் கொள்கின்றனர். நாட்டுக் குழுவுக்கு வேண்டியவர் இருபத்தைந்து பேர் அளவினரே. உள்நாட்டு இளைஞரோ பல்லாயிரவர். எட்டு வயதிற் கழகத்துட் புகுந்து, பதினெட்டு வயதில் "நீ வேண்டா" என்று சொல்லப்பட்டு வெளியேறும் சிறுவனுடைய கதை, நாட்டுக் குழுவின் வெற்றிப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாது.

செல்சி கழகத்தில் நிகழ்ந்ததொன்று இதனை நன்கு விளக்கும். அக்கழகத்தின் இளைஞர் பயிற்சிக் கூடம் நாட்டிலேயே தலைசிறந்த ஒன்று. எனினும் அங்கே வளர்ந்தோர் மூத்தோர் குழுவில் இடம்பெறுதல் அரிதினும் அரிதாயிருந்தது. ஒரே பருவத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரரைப் பிற கழகங்கட்கு இரவலாக அனுப்பிவைத்தது அக்கழகம். 2019 பெப்ரவரியில், பதினெட்டு வயதுக்குக் குறைந்த அயல்நாட்டுச் சிறுவரைச் சேர்த்தல் பற்றிய விதிகளை மீறிய குற்றத்துக்காக, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அக்கழகம் புதிய ஆட்டக்காரரைச் சேர்க்கலாகாது எனத் தண்டனை விதித்தது. வேறு வழியின்றிக் கழகம் தன் வீட்டுப் பிள்ளைகளை நாடிற்று. இரவல் போய்த் திரும்பிய மவுன்ற், ஏபிரகாம், டொமோரி, ஜேம்ஸ் ஆகியோர் 2019–20 பருவத்தில் மூத்தோர் குழுவில் ஆடினர். ஏபிரகாம் அப்பருவத்து லீக்கில் பதினைந்து கோல்கள் அடித்தார். 2021 மே மாதத்தில் செல்சி ஐரோப்பாவின் தலைமைக் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்தில் மவுன்ற்றும் ஜேம்சும் ஆடினர். வெற்றிக் கோலுக்கு வழிவகுத்த பந்தை அனுப்பியவர் மவுன்ற்.

இந்நிகழ்ச்சி கண்டனக்காரர்க்கு வலுவான சான்றாகும். அதனை மறைத்தல் நடுவுநிலையன்று. தண்டனை வாராதிருப்பின் அந்நால்வரும் இரவலாகவே அலைந்து காலங் கழித்திருக்கக்கூடும். ஆயின் அச்சான்று எதனை மெய்ப்பிக்கின்றது எனக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர்கள் முன்னரே நன்கு பயின்றிருந்தனர். அவர்க்கு இல்லாதிருந்தது வாய்ப்பு ஒன்றே. அவ்வாய்ப்பைத் தடுத்தது அயலாரின் திறமை மட்டுமன்று. தோல்வியைப் பொறாத முதலாளியும், சில வாரங்களில் வேலை இழக்கும் அச்சத்தோடு வாழும் பயிற்சியாளரும், ஆக்கி வளர்ப்பதினும் ஆயத்தமாய் உள்ளதை வாங்குதலே எளிது என எண்ணும் வணிக மனப்பான்மையும் ஆம். ரொட்டன்ஹாம் கழகத்தின் ஹரி கேன் நான்கு கழகங்கட்கு இரவலாகச் சென்று மீண்டவர். பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்ட ஸ்பானிய முன்னணி வீரரை விடுத்து 2014 இல் அவருக்கு நிலையான இடம் தந்தவர், ஆர்ஜென்ரீனாவிற் பிறந்த பொச்செற்றினோ. ஆங்கிலச் சிறுவனுக்குக் கதவைத் திறந்தவரும் ஓர் அயல்நாட்டவரே.

சட்டத்தால் வாய்ப்பை உண்டாக்க முயன்ற கதையும் படிப்பினை தருவது. ஆறு பேர் உள்நாட்டவராதல் வேண்டும் என்னும் திட்டத்தை உலகச் சம்மேளனம் 2008 இல் ஏற்றபோதிலும், ஐரோப்பியச் சட்டத்தோடு அது முரண்பட்டமையாற் பின்னர் கைவிட்டது. ஐரோப்பியச் சங்கம் வேறொரு வழி கண்டது. பிறந்த நாட்டை விடுத்து, பயின்ற நாட்டை அளவாகக் கொண்டது. பதினைந்து முதல் இருபத்தொரு வயதுக்கிடையில் மூன்றாண்டு அந்நாட்டுக் கழகங்களிற் பயின்றவர் எந்நாட்டினராயினும் உள்நாட்டில் வளர்ந்தோர் ஆவர். இருபத்தைவருள் எண்மர் அத்தகையோராதல் வேண்டும். பிரீமியர் லீக்கும் 2010 இல் இதனையொத்த விதியை மேற்கொண்டது. பிறப்பினும் பயிற்சியே பெரிது என்னும் கொள்கை போற்றத்தக்கது. எனினும் விளைவு கருதியவாறு அமையவில்லை. பார்சலோனாவில் வளர்ந்த பாப்றிகாஸ் பதினாறு வயதில் ஆர்சனலுக்கு வந்து, இவ்விதியின்படி உள்நாட்டில் வளர்ந்தவராகக் கணிக்கப்பட்டார். முதிர்ந்த அயல்நாட்டவருக்குப் பதிலாக இளம் அயல்நாட்டவரைக் கொணர்தல் கழகங்கட்கு ஊதியமாயிற்று. அரும்பொருளாகிய ஆங்கிலேயர் விலையும் ஏறிற்று. 2011 இல் லிவர்பூல் கழகம் அண்டி கரோலுக்கு மூன்றரைக் கோடிப் பவுண் கொடுத்தமைக்கு இவ்வருமையும் ஒரு காரணம் என்பர். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை நீங்கியபின், 2021 முதல், பதினெட்டு வயது நிரம்பாத எந்த அயல்நாட்டவரையும் ஆங்கிலக் கழகங்கள் சேர்க்க இயலாது. இதனால் அயர்லாந்துச் சிறுவர் பதினாறு வயதில் கடல்கடக்கும் நெடுநாள் வழக்கம் நின்று, அவர் தம் நாட்டிலேயே வளரும் நிலை தோன்றியுள்ளது. சிறுவர்தம் பெயர்ச்சியைத் தடுத்தல் வேறு, முதிர்ந்த தொழிலாளரின் பெயர்ச்சியைத் தடுத்தல் வேறு என்பதை இதனால் உணரலாம். முன்னது காவல், பின்னது சிறை.

அயல்நாட்டுப் பெயர்ச்சியையே நோக்கிக்கொண்டிருப்போர் கண்ணுக்குத் தப்பிய மற்றொரு பெயர்ச்சியும் உண்டு. 2012 ஆம் ஆண்டுத் திட்டம் பயிற்சியை உயர்த்தியதெனப் போற்றினோம். அதே திட்டம், சிறு கழகத்தில் வளரும் சிறுவனைப் பெருங்கழகம் கவர்ந்து செல்லும்போது கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகையை முன்னரே வரையறுத்த சிறு தொகையாக்கியது. தொலைவிலுள்ள சிறுவரைச் சேர்க்கலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டையும் உயர்தரக் கூடங்கட்குத் தளர்த்தியது. வளர்த்தவன் ஒருவன், பயன் கொள்பவன் ஒருவன் என்ற நிலையில், பிரென்ற்போர்ட் கழகம் 2016 இல் தன் பயிற்சிக் கூடத்தையே மூடிவிட்டது. அதனை அக்கழகம் மீளத் திறந்தது 2022 இலே ஆகும். வாடகைக் காணியில் எவன் மரம் நடுவான்? உள்நாட்டு இளைஞனுக்குப் பயிற்சி தரும் கூடமொன்றை மூடுவித்தது அயல்நாட்டவர் வரவன்று. உள்நாட்டுப் பெருங்கழகங்களின் பேராசையும், அதற்கு இடங்கொடுத்த விதியுமே.

பெயர்ச்சி இருவழிப் பாதை என்பதையும் மறத்தலாகாது. நெடுங்காலமாக ஆங்கில ஆட்டக்காரர் வெளிநாடு செல்லத் தயங்கினர். ஜிம்மி கிறீவ்ஸ் 1961 இல் மிலானுக்குச் சென்று சில மாதங்களிலே மீண்டார். அண்மைக் காலத்தில் இத்தயக்கம் நீங்கிவருகின்றது. மான்செஸ்ரர் சிற்றி கழகத்தில் இடம் கிட்டாதென உணர்ந்த சாஞ்சோ 2017 இல் பதினேழு வயதில் ஜேர்மனியின் டோட்மண்ட் கழகத்துக்குச் சென்றார். 2020 இல் பர்மிங்காமிலிருந்து அதே கழகத்துக்குச் சென்ற பெலிங்ஹாம் 2023 இல் மட்றிட் நகரின் றியல் கழகத்தை அடைந்தார். செல்சியின் டொமோரி மிலான் கழகத்தோடு 2022 இல் இத்தாலிய லீக்கை வென்றார். தம் நாட்டில் அடைபட்ட வாய்ப்பை அயல்நாட்டில் தேடிய இவர்க்கு ஜேர்மனியும் இத்தாலியும் கதவடைத்திருப்பின் அவர் நிலை யாதாயிருக்கும்? போஸ்மன் வென்ற உரிமையே ஆங்கில இளைஞனுக்கும் உய்யும் வழியாயிற்று.

ஆட்டக்காரரை அனுப்பிய நாடுகளின் நிலையையும் சுருங்க நோக்குதல் தகும். 2002 உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் நடப்பு வெற்றியாளராகிய பிரான்சை 1–0 என வென்ற செனகல் நாட்டுப் பதினொருவரும் பிரான்சின் கழகங்களிலே ஆடிக்கொண்டிருந்தவர். 2022 இல் அரையிறுதி எய்திய முதல் ஆபிரிக்க நாடாகிய மொறோக்கோவின் இருபத்தறுவருள் பதினால்வர் வெளிநாடுகளிற் பிறந்தவர். நாட்டுக் குழுவுக்குப் பெயர்ச்சியால் வந்த பேறு இது. ஆயினும் சிறந்தோர் யாவரும் இளமையிலே சென்றுவிட, உள்ளூர் ஆடுகளத்திற் காண்போர்க்கு எஞ்சுவது சிறிதே. மாற்றுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம், பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்கட்குப் பகிரப்படல் வேண்டும் என்னும் உலக விதி அறத்தின் பாற்பட்டது. வளர்த்த கைக்கு ஏதோ ஒரு பங்கு சேர்கின்றது. அப்பங்கு உழைப்புக்கு ஈடானதா என்பது வேறு வினா.

இறுதியாக ஒன்று. ஆட்டக்காரரைப் பற்றி இத்துணை ஆரவாரம் எழுந்த நாட்டில், பயிற்சியாளரைப் பற்றிப் பேசியோர் சிலரே. 1992 இல் லீட்ஸ் கழகத்துக்கு முதற் பிரிவு வெற்றியை ஈட்டித் தந்த ஹவேட் வில்கின்சனுக்குப் பின்னர், 2025 வரை, ஓர் ஆங்கிலப் பயிற்சியாளரேனும் நாட்டின் தலைமை லீக்கை வென்றிலர். ஸ்கொத்லாந்தினரும் பிரான்சியரும் இத்தாலியரும் ஸ்பானியரும் ஜேர்மனியரும் பிறருமே வென்றனர். நாட்டுக் குழுவுக்கும் 2025 தொடக்கத்தில் ஜேர்மனியராகிய தோமஸ் ரூக்கலே பயிற்சியாளரானார். ஆட்டக்காரர்க்கு வகுக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தைப் போன்ற பெருமுயற்சி பயிற்சியாளர்க்கு நெடுங்காலம் மேற்கொள்ளப்படவில்லை. எங்கே பயிற்சி பெருகியதோ அங்கே அயலார் வரவிருந்தும் உள்நாட்டவர் தழைத்தனர்; எங்கே அது குன்றியதோ அங்கே அவர் பின்தங்கினர். ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நிகழ்ந்த இவ்விரு விளைவுகளும் நாம் கூறிய முடிபுக்குத் துணைநிற்கின்றன.

தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படும். அயல்நாட்டவர் வரவால் உள்நாட்டவர்க்குரிய இடங்கள் குறைந்தன என்பது மெய். அதனால் உள்நாட்டு ஆட்டத்திறன் வீழ்ந்தது என்பது சான்றுக்கு மாறு. அக்குறைவின் சுமையைத் தாங்குவோர், புகழ்பெற்ற இருபத்தைவர் அல்லர். பெயர் வெளிவராத சிறுவரும், அவரை வளர்த்துப் பறிகொடுக்கும் சிறு கழகங்களுமே என்பது இருசாராரும் கூறாது விடுத்த உண்மை. ஆகவே எத்தனை அயலாரை அனுமதிக்கலாம் என்று கேட்பதினும், வளர்த்தோர்க்கு உரிய ஈடு கிடைக்கின்றதா, பயின்றவனுக்கு ஆடுவதற்குக் களம் கிடைக்கின்றதா, ஆட்டத்தில் இடம் பெறாதவனுக்கு வாழ்வதற்கு வேறொரு கல்வியேனும் கையில் இருக்கின்றதா என்று கேட்பதே தக்கது. இம்மூன்றுக்கும் விடை காணாத நாடு தன் வாயிற் கதவை எத்துணை இறுக அடைத்தாலும், உள்ளே இருக்கும் பிள்ளை வளரப்போவதில்லை.